முப்பத்திமூணாம் நம்பரோட இடது முட்டி

உக்காருபா. அந்தக் கல்லு ஆடும், இந்தப் பக்கமா உக்காரு. இந்தக் கம்பி வலையில மட்டும் சாயாத, செக்யூரிட்டி வந்து கத்துவான். நேத்து எவனோ ஒருத்தன் சாஞ்சதுக்கு, எல்லாரையும் வெளிய அனுப்பிடுவேன்னு குதிக்கிறான் அந்த ஆளு.

இன்னாது? ஆமா, எத்திராஜ்தான். வாய்ஸ் நோட்டு எத்திராஜேதான். நீயும் அந்த வாட்ஸப் குரூப்ல இருக்கியா, ‘ஹார்பர் ரத்தம்’ குரூப்ல? அட! குரலை வெச்சே கண்டுபுடிச்சிட்டியா? இல்லபா, இப்பல்லாம் அனுப்பறதில்ல. ரெண்டு வருசம் ஆச்சு. குரூப்ப வுட்டே வெளிய வந்துட்டேன். டீமு பிராக்டீஸ் கேம்ப் போட்டா லீவு போட்டுட்டு வரேன், பாக்கறேன், போறேன். அவ்ளோதான்.

உடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். எல்லாரும் அதேதான் கேக்கறாங்க. சொல்றேன் இரு. அதுக்கு முன்னாடி தோ அந்த கோல் கீப்பரைப் பாரு, பச்சை சட்டை. வலது பக்கம் வந்தா பாய்வான். இடது பக்கம் வந்தா ரெண்டு எட்டு வெச்சுட்டு அப்பால பாய்வான். பாத்தியா? பாத்தியா இல்லியா? இத பேப்பர்காரன் எவனாவது எழுதுவான்னு நெனைக்கிற? எழுத மாட்டான். ஏசி ரூம்ல உக்காந்துகினு, டீம் உற்சாகமாக் காணப்பட்டதுன்னு எழுதுவான்.

நான் பேசின் பிரிட்ஜ் யார்டுல வேலை. வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி சுத்தியும் டார்ச்சும் எடுத்துகினு ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலயும் குனிஞ்சு பாப்போம். ஸ்பிரிங்கு ஒடஞ்சிருக்கா, சக்கரத்துல விரிசல் இருக்கா, அதெல்லாம். இருந்துச்சுன்னா சாக்பீஸால பெட்டி மேல ‘சிக்’னு எழுதிடுவோம். எழுதிட்டா அந்தப் பெட்டிய கழட்டி ஒதுக்கிடணும். எவன் வந்து கெஞ்சினாலும் அது போவாது, மினிஸ்டர் ஏற வேண்டிய பெட்டியா இருந்தாலும் போவாது. இருவத்தொம்பது வருசம் சர்வீசு. கண்ணுல பட்டத எழுதாம வுட்டேன்னு ஒருத்தன் என்னைச் சொல்லட்டும்.

அந்தக் கண்ணுதான்பா எனக்கு. கிரவுண்டுலயும் அதே கண்ணுதான். நம்ம டீமு, நம்ம ஹார்பர் எஃப்சி, கேம்ப் ஆரம்பிச்சா மொத நாள்லேர்ந்து இந்த வலைக்குப் பின்னாடி நான் நிப்பேன். எவன் மூச்சு வாங்கறான், எவன் கோச்சு திரும்பினா மட்டும் ஓடறான், எவன் எவன்கூட பேசறதில்ல, எல்லாம் பாத்து சாயங்காலம் அஞ்சு நிமிசம் பேசி குரூப்ல போடுவேன். நானூறு பேரு. அண்ணே, டீ குடிக்கறப்ப உங்க குரலைக் கேட்டாத்தான் டீ எறங்குதுண்ணேன்னு துபாய்லேர்ந்து ஒரு பையன் எழுதுவான். பெருமையா இருக்காதா பின்ன? இருந்துச்சு. இல்லன்னு சொன்னா அது பொய்.

இப்ப மேட்டருக்கு வரேன்.

என் தங்கச்சி கஸ்தூரி. அவ புள்ள தீனா, தீனதயாளன். நான் தாய்மாமன். அவங்க அப்பன் சின்ன வயசுலயே வுட்டுட்டுப் போயிட்டான், அந்தக் கதை நமக்கு வேணாம். ஆறு வயசுலேர்ந்து அவனை சைக்கிள்ல வெச்சு கிரவுண்டுக்குக் கூட்டிகினு போனது யாரு? நானு. இடது கால்ல ஒதைப்பான் பாரு, லெஃப்ட் பேக்கு, கோட்டை ஒட்டியே பால் போவும். கோடு போட்ட சுண்ணாம்பு கூட கலையாது. என் மருமவன்னு சொல்லலபா. யாரா இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அவனை ரெண்டு வருசம் முன்னாடி கேம்ப்புக்கு ட்ரயலுக்குக் கூப்ட்டாங்க. இருவத்தோரு நாளு. லெஃப்ட் பேக்குக்கு மூணு பேரு வந்திருந்தாங்க, ஒரே ஒரு எடம். கடைசி சனிக்கெழம லிஸ்ட்டு. லிஸ்ட்டுல பேரு வந்தா அன்னிக்கே கையெழுத்து, ரெண்டு வருச கான்ட்ராக்டு. கஸ்தூரி மாரியாத்தாவுக்கு நேந்துகினு செருப்பு போடாம நடந்துகினு இருந்தா. சித்திரை வெயில்ல, தார் ரோட்டுல!

அவனுக்குக் குடுத்த சட்டை முப்பத்திமூணாம் நம்பரு.

இங்க ஒண்ணு கேட்டுக்கோ. குரூப்ல அவன் என் தங்கச்சி புள்ளன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. யாருக்கும் தெரியாது. சொந்தக்காரன்னு தூக்கிப் பேசறான்னு ஒருத்தன் வாயில வரக் கூடாது பாரு. முப்பத்திமூணாம் நம்பர் நல்லா ஏறி எறங்கறான், முப்பத்திமூணாம் நம்பர் கிராஸு சூப்பரு, அவ்ளோதான். நாயமாத்தான் பேசினேன். கொஞ்சம் கூடத்தான் பேசிட்டேனோ இன்னாவோ.

மொத ரெண்டு வாரம் அட்டகாசம்பா. அந்த ஸ்பெயின்காரக் கோச்சு அவனைத் தோள்ல தட்டினாரு. நான் பாத்தேன். ரெண்டு வாட்டி தட்டினாரு.

மூணாவது வாரம் செவ்வாக்கெழம சாயங்காலம் தீனா போன் பண்றான்.

“மாமா, இந்த வாரம் கிரவுண்டுக்கு வராத.”

“ஏன்டா? இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல. நீ நின்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கு. சனிக்கெழம லிஸ்ட்டு வந்தப்பால வா. மாலையோட வா.”

சிரிச்சேன். பையனுக்கு வெக்கம்னு நெனைச்சேன். பெரிய ஆளாயிட்டான், மாமன் வலைக்குப் பின்னாடி நிக்கறது கூச்சமா இருக்குதுன்னு. சரிடா, வரலன்னு சொல்லிட்டு, மறுநா காலையில தொப்பி ஒண்ணு வாங்கிப் போட்டுகினு வந்து அந்தத் தண்ணி டேங்கு பின்னாடி நின்னேன். வராம எப்டிபா இருக்கறது? கடைசி வாரம்!

புதன்கெழம நல்லாத்தான் ஆடினான். இல்ல, நல்லா ஆடினான்னு நெனைச்சேன். அன்னிக்கு சாயங்காலம் நோட்டு போட்டேன். போட்டதும் கொளத்தூர் நவீன்னு ஒருத்தன், தெரியுமா உனக்கு? இன்னும் குரூப்ல இருக்கானா? அவன் எழுதறான்: “அண்ணே, முப்பத்திமூணு உங்க மச்சான் பையனா? தினம் அவன் புராணமாவே இருக்குதே.” கீழ நாப்பது பேரு சிரிக்கிற பொம்மை போட்டுட்டாங்க.

அவன் வெளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்கு சுருக்குன்னு ஏறிடுச்சு. சோறு எறங்கல. நானா? இத்தினி வருசத்துல ஒரு பெட்டிய பாரபட்சமா பாத்தவனா நானு? என் பொஞ்சாதி, வுடுய்யா, போன கீழ வெய்யிங்கறா. எங்க வுடறது.

வேழக்கெழம வந்தேன். ஒரு முடிவோடதான் வந்தேன். இன்னிக்கு அவனை மருமவனா பாக்கக் கூடாது, பெட்டிய பாக்கற மாதிரி பாக்கணும். அப்டித்தான் பாத்தேன்.

இடது பக்கம் திரும்பறப்ப ஒரு குட்டி எட்டு சேத்து வெக்கிறான். எப்பவும் ஒரே எட்டுதான் வெப்பான், அன்னிக்கு ஒண்ணரை. ஷூ லேசு கட்ட எப்பவும் வலது முட்டிய ஊனி, இடது முட்டிய மடக்கி ஒக்காருவான், சின்ன வயசுப் பழக்கம். அன்னிக்கு மடக்கல, இடது காலை நீட்டி தரையில ஒக்காந்துட்டான். தண்ணி குடிக்க வுட்டப்போ எல்லாரும் புல்லு மேல பொத்துனு வுழறாங்க, இவன் நின்னுகினே குடிக்கிறான். ஏன்? ஒக்காந்தா எழுந்திருக்கறப்ப தெரிஞ்சுடும். இடது முட்டி. உள்பக்கம். எனக்குத் தெளிவா தெரிஞ்சுடுச்சு. டாக்டரு பக்கத்துலயே நிக்கிறான், போனை நோண்டிகினு. கோச்சு பாக்கறாரு, கை தட்டறாரு. ஒருத்தருக்கும் தெரியல!

அன்னிக்கு சாயங்காலம் நான் இன்னா பேசினேன்னு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு. சொல்லட்டா? “முப்பத்திமூணாம் நம்பர் இடது முட்டியில கோளாறு இருக்கு. மறைச்சு ஆடறான். பையன் எவ்ளோ தெறமசாலியா இருந்தாலும் இத சொல்லித்தான் ஆவணும். டாக்டருங்க கண்ணுல படல, எத்திராஜ் கண்ணுல பட்டுடுச்சு. நவீன் தம்பி, யார் பையனா இருந்தா எனக்கு இன்னா?” அப்டின்னு முடிச்சேன்.

குரூப்பே ஆடிப் போச்சு. எத்தினி கட்டை வெரலு! இருநூத்தி சொச்சம். நவீனே எழுதறான், அண்ணே மன்னிச்சுக்கோங்க, நீங்க தெய்வம்ணேன்னு. நானே அந்த நோட்ட மூணு வாட்டி போட்டுக் கேட்டேன். என் பொஞ்சாதி சமையல்கட்டுலேர்ந்து எட்டிப் பாத்து, இன்னாய்யா தீனாவப் பத்தி இப்டிச் சொல்லிட்டங்கறா. நாயம்னா நாயம்தான்டின்னு சொன்னேன். சொன்னேன்பா, இந்த வாயாலதான் சொன்னேன்.

நானூறு பேருல எவன் எவனுக்கு அனுப்பினான்னு யாருக்குத் தெரியும்? மறுநா காலையில அது அசிஸ்டென்ட் கோச்சு போனுக்குப் போயிடுச்சு. வெள்ளிக்கெழம பிராக்டீசுக்கு முன்னாடியே தீனாவக் கூப்ட்டு, முட்டிய மடக்கு, நீட்டுன்னு பாத்து, நேரா ஸ்கேனுக்கு இட்டுகினு போயிட்டாங்க. இது எதுவும் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கெழம எனக்கு டூட்டி. நான் பெட்டிக்கு அடியில இருந்தேன்.

சனிக்கெழம மாலை வாங்கிகினு வந்தேன்பா. சம்பங்கி, நடுவுல ரோஜா. அவன்தான் மாலையோட வான்னு சொன்னானே. தோ இந்த கேட்டுலதான் நின்னேன். லிஸ்ட்டுல வந்தவங்கல்லாம் டீம் பஸ்ல ஏறி கூச்சல் போடறாங்க. இவன் மட்டும் பையத் தோள்ல மாட்டிகினு தனியா நடந்து வரான். அன்னிக்கு நடையை மறைக்கல. நல்லா தெரியற மாதிரி இழுத்து இழுத்து வந்தான்.

“இன்னாடா ஆச்சு?”

“முட்டி உள்ள கொஞ்சம் கிழிஞ்சிருக்குதாம் மாமா. வேணாம்னுட்டாங்க.”

நான் இன்னா சொன்னேன் தெரியுமா? தம்பி, இத நெனைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரதில்ல. “நான் வேழக்கெழமயே பாத்துட்டேன்டா”ன்னு சொன்னேன். கையில மாலைய வெச்சுகினு.

“தெரியும் மாமா,”ன்னான். “உன் வாய்ஸ் நோட்ட எனக்கே போட்டுக் காட்டினாங்க.”

கத்தல. கத்தியிருந்தா நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், தீந்து போயிருக்கும். மெதுவாத்தான் பேசினான். “திங்கக்கெழம திரும்பறப்ப புடிச்சுகிச்சு. சனிக்கெழம வரைக்கும் தாக்குப் புடிச்சா போதும்னு இருந்தேன். கையெழுத்து ஆயிட்டா அவங்க ஆளு நானு. அவங்களே ஆபரேசன் பண்ணி, ஆறு மாசம் உக்கார வெச்சு சரி பண்ணுவாங்க. போன வருசம் அந்த கோவாக்காரனுக்குப் பண்ணலியா? ரெண்டு நாளு மாமா. ரெண்டே நாளு.”

அப்பால ஒண்ணு சொன்னான். “டாக்டர் பாத்தாரு, கோச்சு பாத்தாரு, கூட ஆடறவனுங்க பாத்தாங்க. எவனுக்கும் தெரியல. உனக்குத் தெரிஞ்சுடும்னுதானே மாமா உன்ன வராதன்னு சொன்னேன்.”

இரு, தண்ணி குடிச்சுக்கறேன்.

இப்ப நீயே சொல்லு. நான் பொய்யா சொன்னேன்? இல்லாதத சொன்னேனா? இருந்தத சொன்னேன். அந்த முட்டியோட நாலு மேட்ச் ஆடியிருந்தா காலே போயிருக்கும், நான் காப்பாத்தியிருக்கேன். இதத்தான் கஸ்தூரிகிட்ட போய் சொன்னேன். வூட்டு வாசப்படி தாண்ட வுடல அவ. கால்ல இன்னும் செருப்பு இல்ல. “ண்ணா, நீ உன் பெட்டி மேல எழுதற மாதிரி என் புள்ள மேல எழுதிட்ட. போண்ணா”ன்னா. அவ்ளோதான். கதவ சாத்திட்டா.

கோவம் எனக்கும் வந்துச்சுபா. ஆறு வயசுலேர்ந்து சைக்கிள் மிதிச்சது நானு, ஷூ தேடி ஊரெல்லாம் அலைஞ்சது நானு. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தான்னா? மாமா, முட்டியில அடி, யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லியிருந்தா நான் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். சத்தியமா சொல்லியிருக்க மாட்டேன். அவன் என்னை நம்பல. மாமனுக்கு வாய் நிக்காதுன்னு நெனைச்சுட்டான். அதான் எனக்கு வருத்தம். இன்னிக்கும் அதான் வருத்தம்.

அப்பால பெரியாஸ்பத்திரியில ஆபரேசன் பண்ணாங்க. கேள்விப்பட்டேன். முழுசா மடங்காதுன்னுட்டாங்களாம். இப்ப ஏதோ கூரியர் கம்பெனியில ஸ்டூல் போட்டு உக்காந்து பார்சல் பிரிக்கிறானாம். நாப்பது வாய்ஸ் நோட்டு அனுப்பியிருப்பேன் அவனுக்கு. எல்லாத்துக்கும் ஒத்த டிக்குதான். போய்ச் சேரவே இல்ல. நானூறு பேருக்குப் போன கொரலு இவன் ஒருத்தனுக்குப் போவ மாட்டேங்குது.

தோ பாரு, முப்பத்திமூணு இப்ப வேற எவனுக்கோ குடுத்திருக்காங்க. நல்லாத்தான் ஆடறான்னு சொல்றாங்க. நான் அவனைப் பாக்கறதில்லபா. கண்ணு அந்தப் பக்கம் போச்சுன்னா இழுத்து கீப்பர் மேல வெச்சுக்குவேன்.

போன தை மாசம் தீனாவுக்குக் கல்யாணம். எனக்கு யார் சொன்னது? எதிர்வூட்டு சம்பத்து. பத்திரிகைய எடுத்துகினு வந்து காட்டறான். வாங்கிப் பாத்தேன். தாய்மாமன்னு ஒரு வரி போடுவாங்கல்ல? அந்த வரியே இல்ல. வேற பேரு போட்டிருந்தா கூட சண்ட போட்டிருப்பேன். வரியே இல்லன்னா யார்கிட்ட போய் சண்ட போடறது?

எங்கள்ல மாப்ள மண்டபத்துக்கு வந்து எறங்கினா, தாய்மாமன் போய் மாலை போட்டு, மோதிரம் போட்டு, கையப் புடிச்சு படி ஏத்தி உள்ள கூட்டிகினு போவணும். அது ஒரு மொறை. எவ்ளோ பகை இருந்தாலும் அதுக்குக் கூப்புடுவாங்க. கொலை பண்ணிட்டு ஜெயில்லேர்ந்து வந்த மாமனைக் கூட கூப்ட்டத நான் பாத்திருக்கேன். என்னைக் கூப்புடல.

ஆனாலும் லீவு போட்டேன். வேட்டி சட்டை புதுசு எடுத்தேன். கடைசி நிமிசத்துல யாராவது போன் பண்ணா? ரெடியா இருக்கணும்ல. என் பொஞ்சாதிதான் அயர்ன் பண்ணிக் குடுத்தா. முந்தின நாள் சாயங்காலம் மாப்ள அழைப்பு. மண்டபத்துக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்பு, அங்க போய் நின்னேன். பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி. எட்டு பஸ்ஸு வுட்டிருப்பேன்.

காரு வந்துச்சு. மேளம் அடிக்கிறான். தீனா எறங்கினான். கோட்டு சூட்டு, ஷூவு. இன்னா அழகா இருந்தான் தெரியுமா! தாய்மாமன் எடத்துல நம்ம சம்பத்து மாலைய எடுத்துகினு வரான். சம்பத்து! கோல் போஸ்ட்டு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாத பய. மாலைய போட்டான், போட்டோவுக்குப் பல்ல காட்டினான், போட்டோ எடுத்ததும் அவன்பாட்டுக்கு முன்னாடி படி ஏறிப் போயிட்டான். கையப் புடிக்கல.

மண்டபத்துக்கு ஏழு படி. நான் எண்ணினேன். எண்ணாம இருக்க முடியல, இந்தக் கண்ண இன்னா பண்றது. வலது கால முன்னாடி வெக்கிறான், இடது கால அதே படிக்கு இழுத்து சேக்கறான். மறுபடியும் வலது. ஏழு படிக்கும் அதேதான். சிரிச்சுகினே ஏறறான், யாருக்கும் தெரியாத மாதிரி. நாலாவது படியில ஒரு கை செவுத்தைத் தேடுது. தேடினா செவுரு அங்க இல்ல. ஒரு நிமிசம் நின்னான். அந்தக் கை சும்மா அப்டியே காத்துல நின்னுச்சு. அப்பால மாலைய சரி பண்ற மாதிரி கீழ எறக்கிகினு, தானா ஏறிட்டான்.

சுத்தி நூறு பேரு. ஒருத்தரும் பாக்கல. நான் பாத்தேன். ரோட்டுக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல நான் பாத்தேன். என் கை தானா நீண்டுச்சுபா. பஸ் ஸ்டாப்புல பக்கத்துல நின்ன அம்மா, இன்னாங்க வேணும்னு கேக்கறாங்க.

அத நான் யார்கிட்டயும் சொல்லல. என் பொஞ்சாதி கேட்டா, புள்ள எப்டி இருந்தான்னு. ராஜா மாதிரி நடந்து போனான்டின்னு சொல்லிட்டேன். மொத வாட்டி பாத்தத மறைச்சு சொன்னேன். ஆறு மாசமா அது உள்ளயே கெடக்குது. இன்னிக்குத்தான் வாய வுட்டேன், அதுவும் உன்கிட்ட, பேர் கூட தெரியாது.

தம்பி, நீ இன்னும் அந்த குரூப்ல இருக்கேல்ல? போட்டுடாதபா. நல்லா இருப்ப, போட்டுடாத.